‘நிலைமை கட்டுக்குள் இருக்கிறது’: யாருடைய கட்டுக்குள்?

எம்.ஏ. சமூகவியல் முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு கோயில் திருவிழா இரவில் காலனிக்குள் புகுந்து அடித்துவிட்டார்கள். விடிந்ததும் போனேன். ஓடு உடைந்த வீடுகள், நொறுங்கிய பைக்குகள், தெருவெல்லாம் கண்ணாடித் துண்டு. எனக்குத் தெரிந்த ஒரு நிருபருக்கு போன் போட்டேன். “தெரியும் தோழர், ஆனா எஸ்.பி. ஆபீஸ்ல இருந்து இன்னும் பிரஸ் நோட் வரலையே” என்றார். மறுநாள் செய்தி வந்தது, நாலு வரி. இரு தரப்பினரிடையே மோதல், இரு தரப்பிலும் இத்தனை பேர் மீது வழக்கு, போலீஸ் குவிப்பு, நிலைமை கட்டுக்குள் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக் கிடந்த பையன்களின் பெயரும் அந்த வழக்கில் இருந்தது. கவுண்டர் கேஸ்.

அந்தச் செய்தியை ஒரு பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “நாங்க எங்க தம்பி மோதுனோம்? வீட்டுக்குள்ள படுத்துல்ல கெடந்தோம்.”

அரசாங்கம் நெருக்கடியில் எப்படிப் பேசுகிறது, பத்திரிகை அதை எப்படி எழுதுகிறது என்பதற்கு அதைவிடச் சரியான கேள்வியை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. ‘மோதல்’ என்ற அந்த ஒரு சொல்லை முதலில் சொன்னது யார்? அது எப்படிச் செய்தியானது, வழக்கானது, கடைசியில் வரலாறானது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். படிக்கிற தம்பி, தங்கைகள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாளைக்கு உங்கள் ஊரிலும் இதே பிரஸ் நோட் வரும்.

செத்தார்கள் என்பார்கள், கொன்றார்கள் என்று சொல்லமாட்டார்கள்

1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையில் அடைக்கப்பட்ட தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனது. போலீஸ் லத்தியை எடுத்தது. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் தாமிரபரணி. 17 பேர் பிணமானார்கள். அதில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு.

அரசுத் தரப்பின் விளக்கம் என்ன? ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். இந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். மூழ்கியவர்கள் இருக்கிறார்கள், மூழ்கடித்தவர்கள் இல்லை. ஊர்வலம் வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குளிக்கவா இறங்கினார்கள்? அவர்கள் முதுகில் விழுந்த லத்தி அந்த வாக்கியத்தில் எங்கே? தண்ணீர் கொன்றது என்று எழுதிவிட்டால் தண்ணீர் மீது வழக்குப் போட முடியாது. மோகன் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையில் போலீசுக்குத்தான் ஆறுதல் கிடைத்தது, பிணத்தைத் தூக்கியவர்களுக்கு இல்லை.

இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பும் இதே கதைதான். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து சாம்பலானார்கள். ‘விவசாயிகள் மோதல்’, ‘கூலித் தகராறு’ என்ற சொற்களுக்குள் சாதி காணாமல் போனது. அரசு அமைத்த கணபதியா பிள்ளை ஆணையமும் கூலிப் பிரச்சினையை ஆராயத்தான் போனது. கூலிப் பிரச்சினை இருந்தது உண்மை. ஆனால் கூலி கேட்டவர்களைக் குடும்பத்தோடு கொளுத்தலாம் என்ற துணிச்சல் கூலியிலிருந்து வரவில்லை, சாதியிலிருந்து வந்தது. அந்தத் துணிச்சலை விசாரிக்க ஆணையம் இல்லை. 1973-ல் உயர் நீதிமன்றத்தில் நிலவுடைமையாளர்கள் விடுதலையாகிப் போனார்கள்.

பரமக்குடியில் மோதியது யாரோடு?

2011 செப்டம்பர் 11. இமானுவேல் சேகரன் நினைவு நாள். அஞ்சலி செலுத்த மக்கள் பரமக்குடியில் கூடுகிறார்கள். ஜான் பாண்டியன் வழியிலேயே தடுத்துக் கைது செய்யப்படுகிறார். ஐந்துமுக்கில் சாலை மறியல். போலீஸ் சுடுகிறது. ஆறு பேர் செத்தார்கள்.

மறுநாள் சட்டமன்றத்தில் முதல்வர் ஜெயலலிதாவின் விளக்கம். அதில் துப்பாக்கிச் சூட்டுக்கு முந்தைய ஒரு கதை சொல்லப்பட்டது. இரண்டு நாளுக்கு முன் ஒரு தலித் பள்ளி மாணவன் கொல்லப்பட்டிருந்தான். அதற்குக் காரணமாக, சுவரில் எழுதப்பட்ட ஒரு வாசகத்தை அரசு சுட்டிக்காட்டியது. அதாவது ஏற்கெனவே சாதிப் பகை, அது கலவரமாக வெடிக்க இருந்தது, போலீஸ் தடுத்தது. இதுதான் விளக்கத்தின் சாரம். உண்மை அறியும் குழுக்கள் பின்னர் ஊருக்குப் போய் இந்தச் சுவர்க் கதையையே கேள்விக்குள்ளாக்கின. ஆனால் அதற்குள் ‘கலவரம்’ என்ற சொல் பத்திரிகைகளில் நிலைத்துவிட்டது.

கலவரம், மோதல் என்றால் இரண்டு தரப்பு வேண்டும். ஐந்துமுக்கில் ஒரு தரப்பு எங்கள் மக்கள். எதிரே நின்ற தரப்பு எந்தச் சாதி? காக்கிச் சாதி. போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டைச் சாதிக் கலவரம் என்று எழுதினால் என்ன ஆகிறது? அரசு குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கி, நடுவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதுதான் அந்தச் சொல்லின் வேலை.

பிறகு சம்பத் ஆணையம். 2013-ல் அதன் முடிவு வெளிவந்தது: துப்பாக்கிச் சூடு தவிர்க்க முடியாதது. முதல் நாள் போலீஸ் சொன்னதும் இரண்டு ஆண்டு கழித்து ஆணையம் சொன்னதும் ஒன்றுதான். நடுவில் செலவானது காகிதமும் காலமும் மட்டும்.

டிவி பார்த்துத் தெரிந்துகொண்ட முதல்வர்

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். 13 உயிர்கள். முதல்வர் எடப்பாடி பழனிசாமி, சம்பவத்தை டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் துண்டிக்கப்பட்டது. மக்கள் பேசும் வழியை அடைத்துவிட்டு அரசு மட்டும் பேசியது. என்ன பேசியது? சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள். இந்தச் சொல்லை நடிகர் ரஜினிகாந்தும் எடுத்துக்கொண்டார். அதையும் சேனல்கள் நாள் முழுக்க ஓட்டின.

ஆனால் தூத்துக்குடியில் ஒன்று நடந்தது. வேன் மேல் ஏறிப் படுத்துத் துப்பாக்கியைக் குறிபார்த்த, மஞ்சள் சட்டை போட்ட போலீஸ்காரரின் படம் வெளியே வந்துவிட்டது. கேமரா அங்கே இருந்தது. அந்தப் படத்துக்கு முன்னால் எந்தப் பிரஸ் நோட்டும் நிற்கவில்லை. 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை, டிவியில் பார்த்துத்தான் தெரியும் என்று முதல்வர் சொன்னது உண்மையல்ல என்றது. தலைமைச் செயலாளர், டி.ஜி.பி., உளவுத்துறை அதிகாரி மூவரும் அவருக்கு அவ்வப்போது தகவல் சொல்லிக்கொண்டே இருந்ததாக அவர்களின் சாட்சியத்திலிருந்தே அது எடுத்துக் காட்டியது. 17 போலீசார் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது.

சிலர் சொல்வார்கள்: பார்த்தீர்களா, ஆணையம் உண்மையைச் சொல்லிவிட்டதே! சொன்னது சரி. அதைக் கேட்டு வாங்கி அவையில் வைத்தது அதற்குள் மாறியிருந்த வேறு கட்சியின் அரசு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆணையம் சொல்வது பரிந்துரை மட்டும்தான், தீர்ப்பு அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. வலிக்கும், ஆனாலும் கேட்போம். தூத்துக்குடியில் இறந்தவர்களின் பெயர், முகம், குடும்பம், கனவு எல்லாம் சேனல்களில் வந்தது. வர வேண்டியதுதான். பரமக்குடியில் இறந்த ஆறு பேரின் பெயரை, இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் சொல்ல முடியும்? அங்கே கேமரா இல்லாமலா போனது? போலீஸ் அடித்ததும் சுட்டதும் அங்கேயும் பதிவாகியிருந்தது. தாமிரபரணிக் கரையிலும் பதிவானது. ஆர்.ஆர். சீனிவாசன் அதை வைத்து ஆவணப்படமே எடுத்தார். குறை கேமராவில் இல்லை. செத்தவன் யார் என்று பார்த்துத்தான் இங்கே கேமராவுக்கு அதிர்ச்சி வருகிறது.

ஹாத்ரஸ்: சாம்பலும் பி.ஆர். ஏஜென்சியும்

வடக்கே போவோம். 2020 செப்டம்பர். உத்தரப் பிரதேசம் ஹாத்ரஸில் தாக்கப்பட்ட 19 வயது தலித் பெண் 29-ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் இறந்தாள். அன்று இரவே, பெற்றோரை வீட்டில் அடைத்து வைத்துவிட்டு, போலீசே உடலை எரித்தது. அடுத்து ஊரைச் சுற்றித் தடுப்பு. 144. நிருபர்களுக்குச் சில நாள் அனுமதி இல்லை. உள்ளே கேமரா இல்லாத அந்த இடைவெளியில் ஓர் உயர் போலீஸ் அதிகாரி கேமரா முன் வந்து, தடயவியல் அறிக்கையில் விந்தணு இல்லை, ஆகவே பாலியல் வன்முறை இல்லை என்றார். மாதிரி எடுத்ததே சம்பவம் நடந்து 11 நாள் கழித்து. அதோடு, 2013 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தக் குற்றத்தை நிரூபிக்க விந்தணு தேவையே இல்லை. ஓர் உயர் போலீஸ் அதிகாரிக்கு இது தெரியாதா? அந்த வாக்கியம் நீதிமன்றத்துக்காகச் சொன்னது அல்ல, இரவு எட்டு மணி விவாதத்துக்காகச் சொன்னது. பி.ஆர். ஏஜென்சி மூலம் வெளிநாட்டு நிருபர்களுக்கும் இதே குறிப்பு அனுப்பப்பட்டதாகச் செய்திகள் வந்தன.

பிறகு ‘சர்வதேசச் சதி’ என்று எஃப்.ஐ.ஆர். அங்கே செய்தி சேகரிக்கப் போன கேரளப் பத்திரிகையாளர் சித்திக் காப்பன் அக்டோபர் 5 அன்று வழியில் கைது. ஊபா சட்டம். வெளியே வந்தது 2023 பிப்ரவரியில். செய்தியைத் தேடிப் போனதற்கு இரண்டு வருடத்துக்கு மேல் சிறை.

அந்த டிசம்பரில் சி.பி.ஐ. நான்கு பேர் மீது கூட்டுப் பாலியல் வன்முறை, கொலைக் குற்றச்சாட்டுகளோடு குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2023 மார்ச்சில் நீதிமன்றம் ஒருவரை மட்டும், கொலை ஆகாத மரணம் விளைவித்தல், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஆகிய பிரிவுகளில் தண்டித்து, மூவரை விடுவித்தது. தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்ததா இல்லையா என்பதை விட்டுவிடுங்கள். விசாரணை தொடங்கும் முன்பே ஓர் அதிகாரி டிவியில் தீர்ப்புச் சொல்ல எந்தச் சட்டம் அனுமதித்தது?

அந்த நாட்களில் ஒரு வீடியோ பரவியது. மாவட்ட ஆட்சியர் அந்தக் குடும்பத்திடம், மீடியாக்காரர்கள் பாதிப் பேர் இன்றைக்குப் போய்விடுவார்கள், மீதிப் பேர் நாளைக்குப் போய்விடுவார்கள், உங்களோடு இருக்கப்போவது நாங்கள்தான் என்ற பொருளில் பேசுகிறார். மிரட்டல்தான். ஆனால் அதில் ஓர் உண்மையும் இருக்கிறது. மீடியா போய்விடும் என்பது அதிகாரத்துக்குத் தெரியும். அந்தக் கணக்கின் மேல்தான் இந்த வித்தை அத்தனையும் நடக்கிறது.

வேங்கைவயல்: மௌனமும் கசிவும்

இது உ.பி. சமாச்சாரம், இங்கே சமூகநீதி அரசு என்று சொல்பவர்களுக்காக இந்தப் பகுதி. 2022 டிசம்பர் 26. புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம். இரண்டு ஆண்டுக்கு மேல் விசாரணை. சி.பி.சி.ஐ.டி., டி.என்.ஏ. பரிசோதனை, ஒருநபர் ஆணையம். அந்தக் காலம் முழுக்க அரசின் பதில் ஒன்றே ஒன்றுதான்: விசாரணை நடக்கிறது. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. குற்றம் சாட்டப்பட்ட மூவரும் அதே காலனிக்காரர்கள். உடனே ஆடியோ, வீடியோ துணுக்குகள் டிவியிலும் வாட்ஸப்பிலும் சுற்றத் தொடங்கின. விசாரணையில் கைப்பற்றிய சாட்சியங்கள் நீதிமன்றத்தில் சோதிக்கப்படும் முன்பே வரவேற்பறைக்கு எப்படி வந்தன?

அந்த மூவரும் குற்றவாளிகளா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். என் கேள்வி வேறு. இரண்டு வருடம் எதையும் சொல்ல மறுத்த அமைப்பு, பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளி என்று சொல்லும் நாளில் மட்டும் ஏன் இவ்வளவு தாராளமாகிறது? நெருக்கடி காலத்தில் அரசுக்கு இருப்பது இரண்டே மொழி. தனக்கு வலித்தால் மௌனம், நமக்கு வலித்தால் கசிவு. கட்சி மாறினாலும் இந்த இலக்கணம் மாறவில்லை. மேலே சொன்ன சம்பவங்களில் தி.மு.க. ஆட்சியும் உண்டு, அ.தி.மு.க. ஆட்சியும் உண்டு, பா.ஜ.க. ஆட்சியும் உண்டு.

பத்திரிகை ஏன் அப்படியே எழுதுகிறது?

எல்லா நிருபரையும் விலைபோனவர் என்று திட்டுவது சுலபம். நான் திட்டமாட்டேன். தாலுகா அளவில் செய்தி தருபவர்களில் பலர் பகுதி நேர நிருபர்கள். கையில் வருவது பெட்ரோலுக்குக்கூடப் பத்தாது. தினசரிச் செய்திக்கு அவர் நம்பியிருப்பது போலீஸ் ஸ்டேஷனையும், எஸ்.பி. அலுவலக வாட்ஸப் குழுவையும். அந்தக் குழுவிலிருந்து நீக்கப்பட்டால் நாளைக்குச் செய்தி இல்லை. மேலே போனால் முதலாளிக்கு அரசு விளம்பரம் வேண்டும். சேனல் என்றால் அரசு கேபிளில் இடம் வேண்டும்.

அதற்கும் மேலே சாதி இருக்கிறது. 2019-ல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து ஆங்கில, இந்தி ஊடகங்களை ஆராய்ந்தார்கள். செய்தி அறையின் தலைமைப் பொறுப்புகள் 121-ல் 106 உயர்சாதியினரிடம். தலித், பழங்குடி ஒருவர்கூட இல்லை. தமிழில் எப்படி என்று கேட்காதீர்கள். நீங்கள் வாங்கும் பத்திரிகையின் ஆசிரியர் குழுவை விசாரித்துப் பாருங்கள். ‘இரு தரப்பு மோதல்’ என்று பிரஸ் நோட் வந்தால், “காலனிக்குள்ள எப்படி சார் மோதல் நடக்கும்? அவங்க எதுக்கு அங்க போனாங்க?” என்று கேட்க ஒரு ஆள் அந்த அறையில் இருக்கிறாரா? இல்லாதபோது பொய் சொல்லக்கூடத் தேவையில்லை. சந்தேகம் வராமல் இருந்தாலே போதும்.

அப்படியானால் கல் வீசவில்லையா?

இந்தக் கேள்வி வரும், வரட்டும். பரமக்குடியில் கல் விழுந்தது, வண்டிகள் எரிந்தன, போலீசாருக்கும் காயம். தூத்துக்குடியிலும் தீ வைப்பு நடந்தது. இதை மறைத்து எழுதினால் நானும் ஒரு பிரஸ் நோட்தான் எழுதுகிறேன் என்று அர்த்தம். ஆனால் கல் வீசியவனுக்கு எஃப்.ஐ.ஆர். உண்டு, கைது உண்டு, ஜாமீனுக்கு அலைச்சல் உண்டு. சுட்டவனுக்கு என்ன உண்டு? சுடும் அதிகாரத்தைச் சட்டம் கொடுக்கும்போதே அதன் விதியையும் கொடுத்திருக்கிறது. கூட்டத்தைக் கலைக்கத் தேவையான அளவு பலம், அதுவும் கடைசி வழியாக. அந்த விதி மீறப்பட்டதா என்பதுதான் அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி. ‘கல் வீசினார்களா?’ என்ற கேள்வியை மட்டும் கேட்கும் பத்திரிகை, கேள்வி கேட்கும் வேலையையும் போலீசிடமே ஒப்படைத்துவிட்டது.

வதந்தி பரவும், அதனால்தான் இணையத்தை நிறுத்துகிறோம் என்பார்கள். வதந்திக்கு மருந்து தகவல். மருத்துவமனையில் எத்தனை பேர், யார் யார், சுட உத்தரவிட்டது யார் என்று அரசு அன்றைக்கே சொல்லட்டும். வதந்தி தானாக அடங்கும்.

நாம் என்ன செய்வது?

தொலைக்காட்சி வரும் என்று காத்திருப்பதை முதலில் நிறுத்துவோம். நமக்கு வழி காட்டியவர்கள் காத்திருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் ‘பறையன்’ தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1920-ல் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட திலகரின் ‘கேசரி’ மறுத்தது. நூறு வருடத்துக்கு முன்பே நமக்குப் பதில் தெரிந்திருக்கிறது.

சம்பவம் நடந்தால் முதலில் வினைச்சொல்லைச் சரிசெய்யுங்கள். யார், யாரை, எங்கே வைத்து, என்ன செய்தார்கள் என்று எழுவாயோடு எழுதுங்கள். ‘துப்பாக்கிச் சூடு நடந்தது’ அல்ல, ‘போலீஸ் சுட்டது’. முதல் நாள் பிரஸ் நோட்டையும் சேனல் தலைப்பையும் தேதி, நேரத்தோடு சேமித்து வையுங்கள். ஆணைய அறிக்கை வரும் நாளில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும். போட்டோ, வீடியோவின் அசல் கோப்பை அழிக்காதீர்கள், வாட்ஸப்பில் வந்த பிரதி நீதிமன்றத்தில் கஷ்டப்படும். உறுதி செய்யாததை ஃபார்வர்ட் செய்யாதீர்கள். நம் பக்கம் ஒரு தவறான படம் போதும், ஆயிரம் உண்மையையும் பொய்யாக்கிவிடுவார்கள். பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணின் பெயரையும் படத்தையும் போடாதீர்கள். கோபத்தில் நாமே அந்தத் தப்பைச் செய்கிறோம், சட்டப்படியும் அது குற்றம்.

சட்டத்தைக் கையில் வைத்திருங்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-ன் படி புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஆட்சியரும் எஸ்.பி.யும் சம்பவ இடத்துக்கு நேரில் வர வேண்டும். எப்போது வந்தார்கள் என்று எழுதி வையுங்கள். முதல்வர் தலைமையிலான மாநிலக் கண்காணிப்புக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். கூடியதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். விசாரணை ஆணையச் சட்டத்தின் படி, அறிக்கை வந்த ஆறு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்போடு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். நாள் எண்ணுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், திரும்பிப் போங்கள். முப்பதாவது நாள் போங்கள். முதல் வருட நினைவு நாளில் போங்கள். கவுண்டர் கேஸில் வாய்தாவுக்கு அலையும் பையனோடு கோர்ட் வாசலில் நில்லுங்கள். ஹாத்ரஸ் ஆட்சியர் போட்ட கணக்கு தப்பாவது அப்போதுதான். மீடியா போய்விடும், நாம் போகமாட்டோம்.

அந்தக் காலனிக்கு நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். பாட்டி இப்போது இல்லை. கவுண்டர் கேஸில் இருந்த பையன்களில் ஒருவன் அந்த வழக்கின் தேதிகளை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். அதன் முதல் பக்கத்தில், யார் சொல்லியும் எழுதாமல் அவனாகவே எழுதியிருப்பது: ‘மோதல் இல்லை. அடித்தார்கள்.’